மனநலச் சிகிச்சை: உங்கள் விருப்பத்தைச் சுகமாக இருக்கும்போதே எழுதி வைப்பது எப்படி

மனநோய் திரும்பி வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இலங்கையின் மனநோய்கள் கட்டளைச்சட்டமோ 1873இல் வந்தது. அதில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே இங்கே நீங்கள் எழுதும் கடிதம் டொக்டரைச் சட்டப்படி கட்டாது. ஆனாலும் எழுதுங்கள். நள்ளிரவில் வார்ட்டில் உங்களை முதன்முதலாகப் பார்க்கும் டொக்டருக்கு உங்கள் கதை தெரியாது.

நோய் தணிந்திருக்கும் காலத்தில், வழமையாகப் போகும் கிளினிக்கிலேயே இதைச் செய்யுங்கள். "விளங்கித்தான் எழுதுகிறார்" என்று உங்கள் வைத்தியர் ஒரு வரி எழுதி, திகதியிட்டு முத்திரை குத்தித் தரட்டும். "அப்பவே சுகமில்லாமல்தானே எழுதினது" என்று பிறகு வீட்டில் யாரும் சொன்னால், அந்த வரிதான் பதில். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாகவும் முடிக்கலாம்.

மருந்தின் கம்பனிப் பெயரை விட மூலப்பெயரும் அளவும்தான் முக்கியம். வெறுமனே "வேண்டாம்" என்றால் எடுபடாது. காரணமும் மாற்று மருந்தும் வேண்டும். "ஹலோபெரிடோல் ஊசி போட்டதும் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டது, ஒலன்சபின் ஒத்துக்கொண்டது" என்றால் எந்த டொக்டரும் கவனிப்பார். லிதியம் மருந்து எடுப்பவர்கள், கடைசி இரத்தப் பரிசோதனையில் வந்த லிதியம் அளவையும் சேர்க்க வேண்டும். மின்னதிர்ச்சிச் சிகிச்சை பற்றித் தனி வரி எழுதுங்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது, யாருக்கு விஷயம் தெரியக்கூடாது என்பதையும் விடாதீர்கள்.

உங்களுக்காகப் பேச அக்காவையோ நண்பரையோ குறிப்பிட்டால், முதலில் அவரிடம் கேட்டு அவருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். கொழும்பு வார்ட்டுகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எப்போதும் இருக்கமாட்டார். ஆங்கிலப் பிரதியும் கட்டாயம் வேண்டும்.

பண விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் அதுவும் வலுவிழக்கும். பிறகு அவருடைய சொத்தைப் பார்க்க மாவட்ட நீதிமன்றம் முகாமையாளரை நியமிக்க வேண்டிவரும். இரண்டு மாதச் செலவுக்கான காசை, இருவரில் ஒருவர் கையெழுத்தில் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் போட்டு வையுங்கள். மற்றவர் முழுவதையும் எடுத்துவிட முடியும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். வருமானம் குறைந்தவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

ஒரு பிரதி கிளினிக் கோப்பில், ஒன்று உங்கள் ஆளிடம், ஒரு படம் போனில். மருந்து மாறினால் புதிதாக எழுதி, பழைய பிரதிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். இரண்டு திகதிகளில் இரண்டு கடிதங்கள் கிடந்தால் வார்ட்டில் இரண்டையுமே நம்பமாட்டார்கள்.