பங்குதாரர்களின் விமானம்: ஃபிளையிங் கிளப்பை நடத்துவதும் அதன் செஸ்னாவைப் பேணுவதும்

அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு நான்கு இருக்கையும் ஒற்றை எஞ்சினும் கொண்ட ஒரு பழைய செஸ்னா 172 விமானத்தை வாங்கி, முறைவைத்து ஓட்டிக்கொள்ளும் ஃபிளையிங் கிளப்புகள் நிறைய உண்டு. தனியொருவரால் தாங்க முடியாத காப்பீடு, ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, ஆண்டு ஆய்வுச் செலவு ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்ளும்போது நடுத்தர வருவாய் உள்ளவருக்கும் பறத்தல் கைக்கெட்டும். ஆனால் ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு நேர்வது இந்த விமானத்துக்கும் நேரக்கூடும். இறைப்பதற்கு எல்லோரும் வருவார்கள், தூர்வார ஆள் இருக்காது. அத்தகைய கிளப் ஒன்றில் சில ஆண்டுகள் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், புதிதாகக் கிளப் தொடங்குவோருக்கும் அண்மையில் நிர்வாகத்துக்கு வந்தோருக்கும் பயன்படும் என்று கருதுபவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது, விமானத்துக்கு யார் பொறுப்பு என்பது. மெக்கானிக் கையெழுத்திட்டுவிட்டால் பொறுப்பு அவருடையது என்று பல உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதி 91.403 அப்படிச் சொல்லவில்லை. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதற்பொறுப்பு அதன் உரிமையாளருக்கோ இயக்குபவருக்கோ உரியது. மெக்கானிக் தாம் செய்த வேலைக்கு மட்டுமே கையெழுத்திடுகிறார். உரிமையாளர் கிளப் என்றால் அந்தப் பொறுப்பு பன்னிரண்டு பேர் மேல் பரவி, கடைசியில் ஒருவர் மேலும் நிற்காமல் போய்விடும். ஆகவே துணைவிதிகளிலேயே பராமரிப்பு அலுவலர் என்ற பதவியை ஏற்படுத்தி, அதற்கு ஒரே ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். விமானத்தைத் தரையில் நிறுத்தும் அதிகாரம் எல்லா உறுப்பினர்களுக்கும் இருக்கட்டும். நிறுத்திய விமானத்தைத் திரும்ப விடும் அதிகாரம் அவருக்கு மட்டுமே இருக்கட்டும்.

கிளப்பின் அமைப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை மாநிலச் சட்டத்தின்கீழ் இலாப நோக்கமற்ற கழகமாகப் பதிவு செய்துகொள்கின்றன. அரசு நிதியுதவி பெற்ற விமான நிலையத்தில் கிளப்பாக இயங்க வேண்டுமானால், விமானம் உறுப்பினர்களுக்குச் சமமாக உரியதாக இருக்க வேண்டும். இயக்கவும் பேணவும் புதுப்பிக்கவும் தேவையான அளவுக்கு மேல் வருவாய் ஈட்டக் கூடாது. பொதுமக்களிடம் விமானப் பயிற்சிப் பள்ளி என்று விளம்பரம் செய்துகொள்ளவும் கூடாது. பங்கை விற்று விலகுபவர் முதலில் கிளப்புக்கே விற்க முன்வர வேண்டும் என்றும், விபத்து நேர்ந்தால் காப்பீடு கொடுக்காத முதல் தொகையை யார் செலுத்துவது என்றும் எழுதி வைத்துவிடுங்கள். காப்பீட்டு முகவரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: இழப்பீடு கொடுத்த பின் நிறுவனம் அந்தத் தொகையை விமானத்தை ஓட்டிய உறுப்பினரிடமே திரும்பக் கேட்க முடியுமா? முடியாது என்ற உறுதி எழுத்தில் கிடைக்கும் வரை பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பணக்கணக்கில் தவறும் கிளப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. விமானம் பறந்தாலும் நின்றாலும் வரும் செலவுகளான காப்பீடு, ஹேங்கர், ஆண்டு ஆய்வு ஆகியவற்றை மாதச் சந்தாவில் சேர்க்க வேண்டும். பறந்தால் மட்டும் வரும் எரிபொருள், எண்ணெய், டயர், எஞ்சின் தேய்மானம் ஆகியவற்றை மணிக்கட்டணத்தில் சேர்க்க வேண்டும். இரண்டையும் கலந்து, எல்லாவற்றையும் மணிக்கட்டணத்தில் ஏற்றினால், குளிர்காலத்தில் பறப்பு குறையும்போது காப்பீட்டுத் தவணைக்குப் பணம் இருக்காது. எஞ்சின் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். பல செஸ்னா 172களில் உள்ள லைக்கமிங் ஓ-320 எஞ்சினை 2000 மணி நேரத்தில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அதற்கு 36,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மணிக்கும் 18 டாலர் தனிக் கணக்கில் போய்ச் சேர வேண்டும். பாதி ஓடிய எஞ்சினோடு விமானத்தை வாங்கியிருந்தால், ஓடிவிட்ட 1000 மணிக்கான 18,000 டாலரைத் தொடக்கத்திலேயே பங்குத்தொகையில் வாங்கிவிட வேண்டும். அதைத் தள்ளிப்போட்ட கிளப்பில், எஞ்சின் நின்ற மாதத்தில் ஒவ்வொருவரிடமும் ஆயிரக்கணக்கில் கேட்க நேர்கிறது. அந்த மாதத்தில்தான் உறுப்பினர்கள் விலகுகிறார்கள்.

எந்த மீட்டரை வைத்துக் கட்டணம் வாங்குவது என்பது சிறிய கேள்விபோல் தோன்றினாலும் அதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரம் முழுவதையும் கடிகாரம்போல் எண்ணும். டேக் மீட்டர் எஞ்சின் சுழற்சியை எண்ணுவதால், தரையில் மெதுவாக ஓடும்போது மெதுவாகவே நகரும். ஹாப்ஸில் கட்டணம் வாங்கினால், எஞ்சின் சூடாகக் காத்திருக்கும் நிமிடங்களும் புறப்படுமுன் சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கும் நிமிடங்களும் முழுக் காசாகின்றன. எவ்வளவு நல்ல விமானியாக இருந்தாலும் உள்ளுக்குள் ஓர் அவசரம் வந்துவிடும். டேக்கில் வாங்கினால் அந்தத் தூண்டுதல் பெருமளவு குறையும். மணிக்கட்டணத்தைச் சற்று உயர்த்தியாவது டேக்கிலேயே வாங்குங்கள்.

இனிக் குறைப்பதிவேடு. எங்கள் கிளப்பில் ஒருமுறை விமானியின் இருக்கையை முன்னே தள்ளிப் பூட்டும்போது, பூட்டு ஊசி தண்டவாளத் துளைக்குள் முழுதாக இறங்கவில்லை என்பதைக் கவனித்தேன். விசாரித்தபோது, எனக்கு முன் பறந்த மூவருக்கும் அது தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் இருக்கையை அசைத்துச் சரிசெய்துகொண்டு பறந்திருக்கிறார்கள். ஒருவரும் எழுதவில்லை, ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். இது அற்பக் குறை அன்று. புறப்பாட்டில் மூக்கு உயரும்போது இருக்கை பின்னால் நழுவினால், விமானி தன்னையறியாமல் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைப் பற்றி இழுப்பார், மூக்கு மேலும் எழும்பும், விமானம் தூக்குவிசையை இழக்கும். இப்படி உயிர்கள் போனதால்தான் செஸ்னாக்களின் இருக்கைத் தண்டவாளங்களையும் ஊசிகளையும் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கச் சொல்லும் எஃப்.ஏ.ஏ.வின் வான்தகுதி உத்தரவு 2011-10-09 நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டு வேறுபட்ட உயரங்களில் உள்ளவர்கள் மாறிமாறி நகர்த்தும் இருக்கை, ஒரே உரிமையாளரின் இருக்கையைவிட வேகமாகத் தேயும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்குப் பின் நாங்கள் கொண்டுவந்த முறை எளிமையானது. ஒவ்வொரு பறப்பின் முடிவிலும் உறுப்பினர் குறைப்பதிவேட்டில் ஒரு வரி எழுதியே தீர வேண்டும். குறை இல்லையென்றால் "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெற்றிடம் விடக் கூடாது, ஏனென்றால் வெற்றிடம் என்றால் நல்ல நிலை என்றும் பொருள்கொள்ளலாம், மறந்துவிட்டார் என்றும் பொருள்கொள்ளலாம். ஏற்றிய எண்ணெயின் அளவையும் குவார்ட்டில் எழுத வேண்டும். மணிக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்ற கணக்குத் திடீரென மாறுவது எஞ்சின் தரும் முன்னெச்சரிக்கைகளில் ஒன்று. முன்சக்கரம் தரையில் பலமாக மோதினால் மறைக்காமல் எழுத வேண்டும். செஸ்னாக்களில் அந்த அடி முன்சக்கரத் தண்டின் வழியாக எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகட்டை மடக்கிவிடக்கூடும், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. எழுதுபவரைக் கடிந்துகொள்ளும் கிளப்பில் யாரும் எழுத மாட்டார்கள். தன் தவறைத் தானே எழுதியவருக்குக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள்.

ஆய்வு நாட்களைப் பராமரிப்பு அலுவலர் ஒரே பலகையில் எழுதி ஹேங்கரில் மாட்டி வைக்க வேண்டும். ஆண்டு ஆய்வு 12 நாட்காட்டி மாதங்களுக்கு ஒருமுறை, அதற்கான ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக்கால் செய்யப்பட வேண்டும். மார்ச் 5ஆம் தேதி முடிந்த ஆய்வு அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். ராடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரின் சோதனை 24 மாதங்களுக்கு ஒருமுறை. மேகத்துக்குள் கருவி விதிகளின்படி பறப்பதானால் உயரமானியும் அதற்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் நிலையழுத்த அமைப்பும் 24 மாதங்களுக்குள் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அவசர இருப்பிடக் கருவி 12 மாதங்களுக்கு ஒருமுறை. நூறு மணி ஆய்வு, பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றுவோருக்கும் தாமே விமானம் கொடுத்துக் கட்டணத்துக்குப் பயிற்சி தருவோருக்கும் விதிக்கப்பட்டது. உறுப்பினர் தம் கிளப் விமானத்திலேயே தாம் அமர்த்திய பயிற்றுநரோடு பறப்பதற்கு அது பொதுவாகத் தேவைப்படாது. ஆனாலும் ஆண்டுக்கு 200 மணிக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு அதைச் செய்வதே என் பரிந்துரை.

எஞ்சினுக்கு அதிகம் பறப்பதைவிடப் பறக்காமல் நிற்பதே கூடுதல் கேடு செய்கிறது. லைக்கமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எஞ்சினின் மேற்பகுதியில் இருப்பதால், நிற்கும் நாட்களில் எண்ணெய் முழுவதும் கீழே வடிந்துவிடும், ஈரப்பதம் தண்டைத் துருவேற்றும். 30 நாட்களுக்கு ஒருமுறையாவது, எண்ணெய் 165 முதல் 200 பாகை ஃபாரன்ஹீட் வெப்பத்தில் இருக்கும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். தரையில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி அணைப்பது இதற்கு ஈடாகாது. எரிதலில் உண்டாகும் நீர் ஆவியாகி வெளியேறும் அளவுக்கு எண்ணெய் சூடேறாது. ஆகவே முன்பதிவில் இரண்டு வார இடைவெளி விழுந்தால், பராமரிப்பு அலுவலர் யாரையாவது அழைத்துப் பறக்கச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதை உறுப்பினர்களே செய்யலாம். எஃப்.ஏ.ஏ.வின் பகுதி 43, தடுப்புப் பராமரிப்பு என்று பட்டியலிட்ட வேலைகளைத் தனியார் விமானி உரிமமாவது உள்ளவர் தாம் வைத்திருக்கும் அல்லது இயக்கும் விமானத்தில் செய்ய அனுமதிக்கிறது. எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் முழு ஓட்ட வடிகட்டி உள்ள எஞ்சினுக்கு 50 மணி அல்லது 4 மாதம், இவற்றில் எது முன்னதோ அப்போது மாற்றுங்கள். முதல் சில தடவை மெக்கானிக்கைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்து, பழைய வடிகட்டியை அதற்கான வெட்டியால் அறுத்து, உள்ளே உள்ள மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் துகள் மினுமினுத்தால், காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்து, விமானத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். புதிய வடிகட்டியைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்கி, பாதுகாப்புக் கம்பியை வடிகட்டி இறுகும் திசையில் இழுக்கும்படி முறுக்கிக் கட்டி, எஞ்சினை ஓட்டிக் கசிவு பாருங்கள். பின்னர் பராமரிப்புப் பதிவேட்டில் செய்த வேலை, தேதி, கையெழுத்து, உரிமத்தின் எண், வகை ஆகியவற்றை எழுதுங்கள். எழுதாத வேலை விதியின் கண்ணில் முடியாத வேலை.

பராமரிப்புப் பதிவேடுகளின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். தொலைந்த பதிவேடு விமானத்தின் விலையைக் கணிசமாகக் குறைத்துவிடும். அசல்களை ஒருபோதும் விமானத்துக்குள் வைக்காதீர்கள்.

ஆண்டு ஆய்வு முடிந்து விமானம் வந்த அன்றே முன்பதிவைத் திறக்க வேண்டாம். எல்லா மூடிகளும் கழற்றப்பட்டுத் திரும்பப் பூட்டப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கம்பிகள் தொடப்பட்டிருக்கும். எரிபொருள் வடிகட்டி பிரிக்கப்பட்டிருக்கும். பராமரிப்பு அலுவலர் வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் எடுத்துச் சுற்றிப் பார்த்து, கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் திருப்பும்போது இறக்கை மடல்கள் சரியான திசையில் அசைகின்றனவா என்று உறுதி செய்து, பகல் வெளிச்சத்தில், பயணி இல்லாமல், எஞ்சின் நின்றாலும் ஓடுபாதைக்குச் சறுக்கித் திரும்பும் தொலைவுக்குள் அரை மணி நேரம் பறக்க வேண்டும். இறங்கியதும் எஞ்சின் மூடியைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்த்து, குறைப்பதிவேட்டில் தம் வரியை எழுதிய பிறகு மற்றவர்களுக்கு முன்பதிவைத் திறக்கலாம்.