டிரவுட் தூண்டில் முடிச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி ஓடைகளுக்கு டிரவுட் பிடிக்க வரும் புதியவர்களிடம் நல்ல ராடு, நல்ல ரீல் எல்லாம் இருக்கிறது. மீன் தப்புவது பெரும்பாலும் முடிச்சில்தான். கடலில் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது உறைக்க நேரமாகும். அங்கே தடித்த நரம்பு (தூண்டில் இழை), முடிச்சு கொஞ்சம் மோசமாக இருந்தாலும் தாங்கிவிடும். அவலாஞ்சிப் பக்கம் தண்ணீர் தெளிந்து ஓடும்போது தடித்த நரம்பைக் கண்டால் மீன் கிட்டே வராது. நுனியில் 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர் நரம்புதான் போட முடியும். அதன் பலத்தை முடிச்சிலேயே தொலைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

முடிச்சே சரியாகப் போடத் தெரியாதவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. நாலு தடவை போட்டால் கை பழகிவிடும்.

நனைக்காமல் இறுக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பி கிளிஞ்ச் முடிச்சை அழகாகப் போட்டார். முள்ளின் காதில் நுழைத்து, ஐந்து சுற்று சுற்றி, நுனியைத் திருப்பி விட்டதெல்லாம் சரி. அப்புறம் வெடுக்கென்று ஒரே இழு. "எச்சில் தொட்டுக்கோ தம்பி" என்றேன். "நல்லா இறுகிடுச்சுண்ணே, பாருங்க" என்றார். நல்ல மீன் ஒன்று கடித்தது. முதல் ஓட்டத்திலேயே அறுந்தது. ஃப்ளை, அதாவது முள்ளில் பூச்சி மாதிரிக் கட்டிய போலி இரை, போனால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். வாயில் முள்ளோடும் தொங்கும் நரம்போடும் அலையப் போவது அந்த மீன்.

கிணற்றுக் கயிறு உருவிக்கொண்டு போனால் உள்ளங்கை எரியுமே, அதே உராய்வுதான் முடிச்சுக்குள்ளும் நடக்கிறது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகரும்போது சூடாகி நைலானின் மேற்பரப்பு கெடுகிறது. ஃப்ளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு இன்னும் மோசம். அடுத்து அவர் கட்டிய முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முடிச்சுக்குச் சற்று மேலே நரம்பு வெளிறி, சுருள் சுருளாக வளைந்திருந்தது. அப்படிக் கண்டால் யோசிக்காமல் வெட்டி எறியுங்கள். புதிதாகக் கட்டி, வாயில் வைத்தோ ஓடையில் முக்கியோ நனைத்து, நிதானமாக, ஒரே சீராக இழுங்கள். சுற்றுகள் வரிசையாக அடுக்கி உட்காரும். கடைசியில் கையால் ஒருமுறை இழுத்துச் சோதியுங்கள். அறுவதாக இருந்தால் கையிலேயே அறட்டும்.

வாலை ஒட்ட வெட்டுவது

முடிச்சை இறுக்கியபின் மிஞ்சி நிற்கும் நுனிதான் வால். வெட்டும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விடுங்கள்.

எல்லா ஒட்டுக்கும் ஒரே முடிச்சு

கிட்டத்தட்ட ஒரே தடிமன் உள்ள இரண்டு நரம்புகளுக்கு பிளட் முடிச்சு நன்றாக நிற்கும். தடிமன் வேறுபட்டாலோ, நைலானோடு ஃப்ளோரோகார்பனைச் சேர்த்தாலோ சர்ஜன் முடிச்சு போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளையம் போட்டு, இரண்டு முறை உள்ளே விட்டு, நான்கு முனைகளையும் ஒன்றாக இழுக்க வேண்டும். விரல் விறைக்கும் குளிரிலும் போடலாம்.

அறுந்த நுனியைப் பார்க்காமல் விடுவது

மீன் போன ஆத்திரத்தில் உடனே அடுத்த ஃப்ளையைக் கட்டாதீர்கள். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. சுற்று போதவில்லை அல்லது சரியாக இறுகவில்லை. வெட்டினாற்போல் இருந்தால் நரம்பே அறுந்திருக்கிறது; பாறையில் உரசியதா என்று மேலே ஒரு முழம் தடவிப் பாருங்கள்.

காற்று முடிச்சு

வீசும்போது நடு நரம்பில் தானாக விழுவது. இறுகியிருந்தால் அவிழ்க்க உட்காராமல், வெட்டிவிட்டுப் புது நரம்பை ஒட்டுங்கள்.