பெரா டெஸ்ட் நார்மல், ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீட்டில் பிள்ளை கூப்பிட்டும் திரும்பாவிட்டால், "தறிச் சத்தத்துல காது மந்தமாயிருச்சோ" என்பார்கள். சரி, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, நார்மல். உடனே அடுத்த தீர்ப்பு: "காது நல்லாத்தான் கேக்குது, இவனுக்கு வீம்பு." ஆட்டிசம் உள்ள பிள்ளை விஷயத்தில் நான் பெரிதாக நினைக்கும் தவறு இதுதான்.

காதிலிருந்து மூளைத்தண்டு வரை சத்தம் போய்ச் சேருகிறதா என்பதை மட்டுமே பெரா பார்க்கிறது. வந்த சத்தம் 'ப'வா, 'த'வா என்று பிரிக்கும் வேலை அதற்கும் மேலே, மூளையின் மேலடுக்கான புறணியில் நடக்கிறது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் டிமோதி ராபர்ட்ஸ் குழுவினர் மூளையின் காந்தத் துடிப்புகளை அளந்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சத்தம் கேட்டுச் சுமார் 100 மில்லி நொடியில் எழும் துடிப்பு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் சராசரியாக 10 மில்லி நொடி போலத் தாமதமாக எழுந்தது. இது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இருக்காது. 10 மில்லி நொடி அற்பமாகத் தெரியலாம்; ஆனால் பேச்சில் ஒரு மெய்யொலி வந்து போவதே சில பத்து மில்லி நொடிகளில்தான்.

அதனால், "சாமி, சாப்பிட வா", "எந்திரிடா", "சோறு ஆறுதில்ல" என்று மூச்சு விடாமல் மாற்றி மாற்றிச் சொல்லாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு, கிட்டப் போய், ஒரே சின்ன வாக்கியம். அப்புறம் காத்திருங்கள். மறுபடி சொல்வதானாலும் அதே சொற்கள்தான்.

"இவங்கப்பனும் நாலு வயசு தாண்டித்தான் பேசுனான்" என்று ஆத்தா சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஒலிக்கு மூளை காட்டும் இதே மாதிரி வேறுபாடுகள் சில பெற்றோரிடமும் பதிவாகியிருக்கின்றன. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு வருகிறது. குடும்பத்தில் இருக்கிறதென்றால் சீக்கிரம் காட்ட வேண்டுமே தவிர, நாலு வயது வரை பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லையா, அப்போதே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

தாயைக் குற்றம் சொல்வதும் வேண்டாம். பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் என்று 1967இல் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் எழுதினார். ஆட்டிசத்தில் மரபுக்குப் பங்குண்டு என்று காட்டி 1977இல் வந்த இரட்டையர் ஆய்வோடு அந்தப் பேச்சு ஆட்டம் கண்டது.

கோவையில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய. பிள்ளை குழம்பும் என்று அதை நிறுத்திவிட்டு இங்கிலீஷுக்கு மாறுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவைப் பெற்ற அம்முச்சிக்கு இங்கிலீஷ் வராது. மாறினால் பிள்ளையிடம் பேச ஓர் ஆள் குறைவதுதான் மிச்சம்.