ஜெமினியில் ஒரு தமிழ்ப் பக்கம்: அகேட் சர்வரை ஓட்டிப் பார்க்கலாம்

ஜெமினி என்றதும் கூகுளின் ஏஐ நினைவுக்கு வரும். இது வேறு. 2019-இல் தொடங்கிய ஓர் எளிய இணைய நெறிமுறை. வெப்பில் இருப்பதுபோல் பக்கம், லிங்க், சர்வர் எல்லாம் இதிலும் உண்டு. குக்கியும் ஜாவாஸ்கிரிப்டும் கிடையாது. எழுதியது எழுதியபடி படிப்பவரிடம் போய்ச் சேரும். சர்வரில் என்ன நடக்கிறது என்பதை ஒரே மாலையில் முழுசாகப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இது பிடித்துப்போனது அதனால்தான்.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது அகேட். ரஸ்ட் மொழியில் எழுதிய சின்ன புரோகிராம். ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. கிட்ஹப்பில் அதன் ரிலீஸ் பக்கத்திலிருந்து உங்கள் லினக்ஸ் கணினிக்கு ஏற்றதை இறக்கி, சுருக்கத்தை விரித்து, அகேட் என்று பெயரிட்டு, இயங்குவதற்கான அனுமதியும் கொடுத்துவிடுங்கள்.

அதே இடத்தில் ‘கன்டென்ட்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘இன்டெக்ஸ்.ஜிஎம்ஐ’ என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உள்ளே தாராளமாகத் தமிழில் எழுதலாம். ஜெமினி யூனிகோடை இயல்பாகவே ஏற்கும். உதாரணத்துக்கு:

# எங்கள் வீட்டுத் தோட்டம்
இந்த வாரம் முருங்கை பூத்திருக்கிறது.
=> விதை.ஜிஎம்ஐ விதை வாங்கிய கதை

வரியின் தொடக்கத்தைப் பார்த்துத்தான் அது தலைப்பா, லிங்க்கா, சாதாரண வரியா என்று முடிவாகும். லிங்க்குக்கு எப்போதும் தனி வரி. ஒரு பத்தியை நடுவில் என்டர் தட்டி உடைக்காதீர்கள். திரையின் அகலத்துக்கு மடிப்பதைப் படிப்பவரின் உலாவி பார்த்துக்கொள்ளும்.

சரி, ஓட்டலாம். டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குப் போய், புள்ளி, சாய்கோடு, அகேட் என்று தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு சேர்த்து ‘ஹோஸ்ட்நேம்’, மறுபடி இடைவெளி, ‘லோக்கல்ஹோஸ்ட்’ (உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்). என்டர். கன்டென்ட் ஃபோல்டரை அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டாம். 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்குத்தான் (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்கள்) அது தேவை, ஜெமினியின் போர்ட் 1965. ஜெமினி விண்கலத்தில் மனிதர்கள் முதன்முதலில் பறந்த ஆண்டு அது.

அப்புறம் ஜெமினி பக்கங்களைப் படிக்க உதவும் லாக்ரேஞ்ச் என்ற உலாவியை நிறுவித் திறந்து, ஜெமினி://லோக்கல்ஹோஸ்ட்/ என்ற முகவரிக்குப் போங்கள். முருங்கை பூத்திருக்கும்.

அந்த நொடியில் நடந்தது இவ்வளவுதான்: உலாவி டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டுப் போட்ட இணைப்பில் ஒரே ஒரு வரியை, அதாவது பக்கத்தின் முழு முகவரியை, அனுப்பியது. அது 1024 பைட்டைத் தாண்டக் கூடாது. சர்வரின் பதில் இப்படித் தொடங்கும்:

20 டெக்ஸ்ட்/ஜெமினி

20 என்றால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து உங்கள் ஃபைல் வரும், இணைப்பு மூடப்படும். மேலே கொடுத்த விதை லிங்க்கை இப்போதே அழுத்திப் பாருங்கள். அந்த ஃபைலை நாம் இன்னும் எழுதவில்லை, அதனால் 51 வரும், அதாவது கேட்டது இல்லை.

முதல் ஓட்டத்திலேயே அகேட் அந்த டிஎல்எஸ் பூட்டுக்கான ஒரு சான்றிதழையும் சாவியையும் உருவாக்கி, புள்ளியில் தொடங்கும் ‘செர்டிஃபிகேட்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டரில் வைத்திருக்கும். ஜெமினியில் பெரும்பாலும் யாரும் சான்றிதழுக்கு வெளியே கையெழுத்து வாங்குவதில்லை. முதல்முறை பார்த்ததை உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அதேதானா என்று பார்க்கும். நான் சர்வரை வேறு கணினிக்கு மாற்றியபோது இந்த ஃபோல்டரை மறந்துவிட்டேன். அகேட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது. அன்று மாலையே ஒரு நண்பர், “உன் பக்கத்துக்குப் போனால் எச்சரிக்கை வருதே, யாராவது நடுவில் புகுந்துட்டாங்களா?” என்று பதறிப் போன் செய்தார். ஆகவே, பேக்கப் எடுக்கும்போது எழுதிய பக்கங்களோடு இதையும் சேர்த்து எடுங்கள்.

வெளியாட்களும் படிக்க வேண்டுமானால் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்து, ஃபயர்வாலில் 1965-ஐத் திறந்துவிடுங்கள். அதே கட்டளையில் இரண்டு சிறுகோடு சேர்த்து ‘லாங்’ என்று போட்டு, தமிழுக்கான ‘டிஏ’ என்ற ஈரெழுத்துக் குறியையும் கொடுங்கள். பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும் கருவிகளுக்கு அது எந்த மொழி என்று தெரியும். எல்லாம் செய்தும் 53 (கேட்ட முகவரி இந்த சர்வருடையது அல்ல என்ற மறுப்பு) வந்தால், டொமைன் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைத் தட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.