கோடு தடிக்கவே மாட்டேன் என்றது

கணினியோடு இணைத்து வரையும் என் டேப்லெட்டில் பேனா நகர்ந்தது, கிளிக்கும் ஆனது; அழுத்தம் மட்டும் வேலை செய்யவில்லை. பூப்போலத் தொட்டாலும், நிப் தேய அழுத்தினாலும் கிரிட்டா என்ற வரையும் செயலியில் ஒரே தடிமனில் கோடு. பேனா போச்சு, புதுசு வாங்கு என்றார்கள். பெரும்பாலான டிரைவர்களில் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) அழுத்தத்தைச் சோதிக்க ஒரு கட்டம் இருக்கும். அதில் கிறுக்கினால் கோடு அழகாக மெலிந்து தடித்தது. ஆக, கோளாறு பேனாவில் இல்லை.

விண்டோஸில் அழுத்தத் தகவல் செயலிக்குப் போக இரண்டு வழிகள்: பழைய வின்டேப், புதிய விண்டோஸ் இங்க். டிரைவர் ஒன்றிலும் செயலி இன்னொன்றிலும் இருந்தால் அழுத்தம் நடுவழியில் தொலைந்துவிடும். போதாக்குறைக்கு, முன்பு வைத்திருந்த வேறு கம்பெனி டேப்லெட்டின் டிரைவரும் கணினியில் அப்படியே கிடந்தது. இரண்டும் வின்டேப்புக்கு அடித்துக்கொள்ளும். இரண்டையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, இப்போதைய டேப்லெட்டுக்கானதை மட்டும் ஏற்றினேன். டிரைவரில் விண்டோஸ் இங்க்கை டிக் செய்தேன். கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸிலும் அதையே தேர்ந்து, செயலியை மூடித் திறந்ததும் கோடு உயிர் பெற்றது.

வட்டம் போட்டால் முட்டை வருகிறதா? டேப்லெட் வரைபரப்பின் அகல-உயர விகிதம் 16:10, திரையுடையது 16:9 என்றால் அப்படித்தான். டிரைவரில் விகிதத்தைப் பூட்டிவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை.

வாங்கப் போகிறவர்கள் 8192 அழுத்த நிலை (அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்ற கணக்கு) என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். 2048-க்கு மேல் என் கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. பேட்டரி இல்லாத பேனாவா, உதிரி நிப் கிடைக்குமா என்று கேளுங்கள்.