அழுகாமல் வந்து சேர்ந்த ஐரிஸ் கிழங்கு

பண்டாரவளையில் இருக்கும் ஒரு அக்கா எனக்கு ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு அனுப்புவார். பதிலுக்கு நான் கல்வாழைக் கிழங்கு அனுப்புவேன். கடுங்குளிர் பட்டால்தான் பூக்கும் தாடி ஐரிஸை நான் கேட்பதில்லை, திருகோணமலை வெக்கைக்கு அது சரிவராது. அக்கா அனுப்புவது பிளாக்பெர்ரி லில்லி. செம்மஞ்சள் இதழில் சிவப்புப் புள்ளிகள், ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள். 2005இல்தான் தாவரவியலாளர்கள் இதை ஐரிஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். வெயிலையும் தாங்கும், பனியையும் தாங்கும்.

சிக்கல் வழியில்தான். ஈரப் பாசி சுற்றிப் பொலித்தீனில் கட்டிய கிழங்கு, கச்சான் காற்று வீசும் காலத்து பஸ் சூட்டில் அவிந்து, கொழகொழவென்று நாறி வந்தது. மனசே ஆறவில்லை.

குளிர்நாட்டு ஐரிஸ்காரர்கள் எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். பூத்து முடிந்த பின், கோடையின் பிற்பகுதியில் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, இலையை விசிறிபோல் 15 சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி, நிழலில் உலர்த்தி, வெறும் பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்புகிறார்கள். தேவையான நீரும் உணவும் கிழங்குக்குள்ளேயே இருக்கின்றன.

“அக்கா, ஒரு சொட்டு ஈரமும் வேண்டாம், பெட்டியில் துளை போடுங்கோ” என்றேன். தயங்கித்தான் செய்தார். கிழங்கு கல்லுப்போல வந்தது!

அப்புறம் நடுகை. மென்மையான இடம் இருந்தால் உறுதியான சதை வரும்வரை வெட்டி, காயவைத்து, மணல் கலந்த மேட்டுப் பாத்தியில் 2, 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைக்கிறேன். மாரி மழையில் தண்ணீர் தேங்கினால் மறுபடி அழுகும், மேடு கட்டாயம். கல்வாழையையும் இப்போது இப்படியே உலர்த்தித்தான் அனுப்புகிறேன்.