எழுப்புதல் கூட்டம் முடிந்த பிறகு: சபையை உள்ளும் புறமும் திருப்பும் பன்னிரண்டு வாரங்கள்

மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடக்கிறது. அழுகிறார்கள், கை உயர்த்துகிறார்கள், ஒப்புக்கொடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துச் சபையின் வரவு செலவுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு தலைப்புகூட மாறியிருக்காது. முன்வரிசையில் அதே குடும்பங்கள், செயற்குழுவில் அதே பெயர்கள். இன்னொரு பக்கம், சமூக சேவை என்று மும்முரமாக இறங்கிய சபை இரண்டு வருடத்தில் ஆள் களைத்து, வேலை நின்றுபோய், பெயர்ப்பலகை மட்டும் தொங்குவதையும் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஜெபத்துக்கு ஒரு குழு, தெருவுக்கு வேறொரு குழு என்று பிரித்துவைத்திருப்பார்கள். கீழே சொல்லும் முறையில் ஒரு சிறு குழு பன்னிரண்டு வாரம் கூடி, இரண்டையும் அதே ஆட்கள் செய்து, கடைசியில் சபைக்கு அறிக்கை தருகிறார்கள்.

முறை புதிதல்ல. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்தார் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்று முடிவெடுத்து, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தார்கள். ஏழைகளால் கொடுக்க முடியாதே என்று கேள்வி வந்தபோது, யோசனையைச் சொன்னவரே "மிக ஏழையான பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நான் போடுகிறேன்" என்றார். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டையைப் பார்த்தார்கள், இன்னொருவரைக் குடிபோதையில் பார்த்தார்கள். கடன் வசூல் அப்படியே ஆத்தும விசாரிப்பாக மாறியது. மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பான வகுப்புக் கூட்டம் பிறந்தது இப்படித்தான்.

குழுவைச் சேர்ப்பது

முதலில் செயற்குழுவிடம் எழுத்தில் ஒரு தீர்மானம் வாங்குங்கள்: "இந்தக் குழுவின் அறிக்கை எங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் முழுச் சபை முன் வாசிக்கப்படும்." இந்த ஒரு வரி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். அறிக்கை பொருளாளரின் மேசை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துவிடும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்குமேல் போனால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சரிபாதி பெண்கள். மூன்றில் ஒரு பங்காவது சபையில் எந்தப் பதவியிலும் இல்லாதவர்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே இரண்டு பேர், சபைக்கு வந்து இரண்டு வருடம் ஆகாத ஒருவர், மனக்கசப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். கடைசியாகச் சொன்னவரைக் கூப்பிடத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அப்போஸ்தலர் 6-ஐ கவனித்துப் பாருங்கள். தங்கள் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தவர்கள் கிரேக்க மொழி பேசிய யூதர்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களோ ஸ்தேவானில் தொடங்கி நிக்கொலா வரை அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திடமே பொறுப்பு போயிற்று.

போதகர் குழுவில் இருக்கலாம், நடத்தக்கூடாது. அவர் நடத்தினால் நான்காவது வாரத்தில் அது இன்னொரு வேதபாட வகுப்பாகிவிடும்.

பிணக்கை முதலில் தீருங்கள்

முதல் இரண்டு வாரத்துக்கு வேறு வேலை வைக்க வேண்டாம். சபையில் பேசிக்கொள்ளாத குடும்பங்கள், சொத்து வழக்கு, பாடகர் குழுச் சண்டை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. குழுவில் உள்ளவர்கள் முதலில் தங்கள் பங்கைச் சரிசெய்யட்டும், மத்தேயு 5:23-24 சொல்கிறபடி காணிக்கையை வைத்துவிட்டுப் போய். ஜெர்மனியில் மொராவிய அகதிகள் குடியேறிய ஹெர்ன்ஹூட் ஊராரிடையே 1727 ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து ஊர் ஆலயத்துத் திருவிருந்தில் நடந்த எழுப்புதலைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுவார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, மே 12 அன்று, சச்சரவில் கிடந்த அதே மக்கள் தங்களுக்குள் எப்படி வாழ்வது என்று எழுதிய உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். அவர்களுடைய முதல் மிஷனரிகள் 1732-இல் கரீபியன் தீவொன்றின் அடிமைகளிடம் புறப்பட்டுப் போனதும் அதே வரிசையில்தான் வருகிறது.

வாரக் கூட்டம்

மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை, தொண்ணூறு நிமிடம். மௌனமும் ஜெபமும் பத்து நிமிடம். வேதவாசிப்பு இருபத்தைந்து. பகிர்வு முப்பத்தைந்து, ஆளுக்கு மூன்று நிமிடத்துக்கு மிகாமல், கடிகாரம் பார்க்க ஒருவர். மீதி இருபது நிமிடம் அந்த வார வேலைக்கு. நேரம் தாண்டினால் நிறுத்துங்கள். இரண்டு மணி நேரம் இழுத்தால் வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான் முதலில் விலகுவார்கள், அவர்கள் போனபின் மிஞ்சுவது பழைய செயற்குழுதான்.

வாசிக்க ஆறு பகுதிகள்: ஏசாயா 58, ஆமோஸ் 5:21-24, லூக்கா 19:1-10, அப்போஸ்தலர் 6:1-7, யாக்கோபு 2:1-9, எரேமியா 29:4-7. பிரசங்கம் வேண்டாம். இரண்டு முறை சத்தமாக வாசித்து, "இதில் யார் கையிலிருந்து யார் கைக்கு என்ன போகிறது?" என்று மட்டும் கேளுங்கள். லூக்காவில் வரும் ஆயக்காரன் சகேயுவின் பகுதியில் இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும். தானாக ஒப்புக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. சகேயு நாலத்தனை என்கிறான், அதற்கு முன் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற இயேசுவின் வார்த்தை வருவது இந்தக் கணக்கு பேசப்பட்ட பிறகுதான்.

பகிர்வுக்கு இரண்டே கேள்விகள். போன வாரம் யாரிடம் தவறாக நடந்துகொண்டேன், அதைச் சரிசெய்ய என்ன செய்தேன்? போன வாரம் யாருடைய கஷ்டத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோனேன்? தன் பாவத்தை மட்டும் சொல்லலாம், மற்றவர் பெயரை இழுக்கக்கூடாது. சொன்னது அறையைத் தாண்டக்கூடாது; ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் போவதும் தாண்டுவதுதான். ஒரே விதிவிலக்கு உண்டு, அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குத் தீங்கு, உயிருக்கு ஆபத்து, வன்முறை என்று தெரியவந்தால் இரகசியம் காக்கப்படாது, சட்டப்படி தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கப்படும். "சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று அமுக்குவது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை தாக்குவது.

சபையை அளந்து பார்ப்பது

நான்காம் வாரத்தில் பொருளாளரிடமிருந்து கடந்த பன்னிரண்டு மாதக் கணக்கை வாங்கி, ஒவ்வொரு செலவையும் நான்கு பத்தியில் போடுங்கள்: கட்டடமும் ஆராதனையும், ஊழியர் சம்பளம், பிற இடத்து ஊழியங்கள், சபைக்கு வெளியே இருக்கும் அக்கம்பக்கத்தார். கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாகவோ, கிறிஸ்துமஸ் மாதத்தில் ஒரே ஒரு வரியாகவோ இருக்கும். அப்படியே எழுதுங்கள், விளக்கம் சேர்க்க வேண்டாம். கூடவே ஒரு தனிக் கேள்வி: ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பவருக்கும் காவலாளிக்கும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கிறதா? இல்லையென்றால் குழுவின் முதல் சமூகப் பணி அதுதான், வெளியே போகத் தேவையில்லை.

அடுத்து நான்கு ஞாயிறு, இருக்கைகளின் வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். யார் எங்கே உட்காருகிறார்கள், வேதம் வாசிப்பவர் யார், காணிக்கை எடுப்பவர் யார், புதிதாக வந்தவரிடம் முதலில் பேசியது யார், சக்கர நாற்காலி எந்தப் படியில் நின்றுவிடுகிறது. திருவிருந்துக்கு யார் முதலில் எழுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். சின்ன விஷயம்போலத் தோன்றும். 1857-இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபைப் பேரவை, எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டு, "சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்" நிறத்தின்படி தனித்தனியாகக் கூடலாம் என்று விட்டுக்கொடுத்தது. 1881-இல் வெள்ளையரல்லாதவர்களுக்கென்று தனிச் சபையே அமைந்தது. பிறகு நிறவெறிச் சட்டங்களுக்கு வேத ஆதாரம் தேடியபோது, பிரிவினைப் பழக்கம் ஏற்கெனவே திருவிருந்து மேசையில் தயாராக இருந்தது. அந்தத் தனிச் சபையே 1982-இல் பெல்ஹார் அறிக்கையை வரைந்து, 1986-இல் அதை ஏற்றுக்கொண்டு, அது தவறு என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

காதுகொடுத்துக் கேட்பது

ஆறாம், ஏழாம் வாரங்களில் இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஆலயத்திலிருந்து பதினைந்து நிமிட நடைதூரம் எல்லை. மொத்தம் இருபது பேரைச் சந்தித்தால் போதும்: பள்ளி ஆசிரியர், தாதி, தூய்மைப் பணியாளர், கடைக்காரர், தனியாக வாழும் முதியவர், வேலை தேடும் இளைஞர். பாதிப் பேராவது வேறு மதத்தவராகவோ மத நம்பிக்கை இல்லாதவராகவோ இருக்கட்டும். இங்கே வாழ்வதில் எது கடினம்? அதைச் சரிசெய்ய யார் ஏற்கெனவே முயல்கிறார்கள்? எங்கள் சபையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இந்த மூன்று கேள்வியோடு நிறுத்துங்கள்.

கைப்பிரதி வேண்டாம், ஆராதனைக்கு அழைப்பும் வேண்டாம். அவராகக் கேட்டால் ஒழிய ஜெபிக்கவும் வேண்டாம். நோக்கத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். எதிரில் குறிப்பெடுத்தால் பேச்சு சுருங்கும். அன்று இரவே எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் அவர் சொன்னது போய் நீங்கள் எதிர்பார்த்தது வந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு "அது சபையா? கேட் எப்போதும் பூட்டியிருக்குமே" என்று பதில் வந்தால், தற்காத்துப் பேசாமல் வார்த்தை மாறாமல் பதியுங்கள்.

ஒரே ஒரு வேலை

ஒன்பதாம் வாரம் கண்டதையெல்லாம் சுவரில் ஒட்டி வையுங்கள். பெல்ஜியப் பாதிரியார் ஜோசப் கார்டைன் 1925-இல் அமைத்த இளந்தொழிலாளர் இயக்கத்தின் படிமுறை இங்கே கைகொடுக்கும்: பார், வேதத்தின் வெளிச்சத்தில் சீர்தூக்கு, செயல்படு. 1961-இல் போப் 23-ஆம் ஜான் தம் சுற்றுமடலிலேயே இதைப் பரிந்துரைத்தார். இதில் சறுக்கும் இடம் இரண்டாம் படி. பார்த்தவுடன் செயலுக்குத் தாவினால், தேவைப்பட்டதை விட்டுவிட்டு நமக்குச் செய்யத் தெரிந்ததையே செய்வோம். அதனால்தான் எல்லாப் பிரச்சினைக்கும் உணவுப் பொட்டலம் விடையாக வந்துநிற்கிறது.

இருபதில் குறைந்தது ஐந்து பேர் சொன்ன பிரச்சினையை எடுங்கள். யாராவது ஏற்கெனவே அதில் உழைத்தால், புதிதாகத் தொடங்காமல் அவர்களோடு சேருங்கள், அவர்கள் பெயரிலேயே. ஆறு மாதத்துக்கு ஒரே வேலை. தொண்டர் ஒருவருக்கு வாரம் மூன்று மணி நேரம் உச்சவரம்பு. ஆர்வத்தில் பத்து மணி நேரம் தருபவர் மூன்றாம் மாதம் காணாமல் போவார். பணத்துக்கு இரண்டு கையொப்பம். குழந்தைகளோடு இருக்கும்போது எப்போதும் உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள். உதவிக்கு ஈடாக ஆராதனைக்கு வரச்சொல்வது கிடையாது, விசுவாசத்தைப் பற்றி அவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லலாம். வாங்குபவரின் முகம் தெரியும் புகைப்படம் கூடாது. இதை மீறச்சொல்லி நன்கொடையாளர்கள்தான் அதிகம் வற்புறுத்துவார்கள்.

பிரச்சினையின் வேர் சட்டத்திலோ நிர்வாகத்திலோ இருந்தால் மனு எழுதத் தயங்க வேண்டாம். இறப்பதற்கு ஆறு நாள் முன், 1791 பிப்ரவரி 24 அன்று, வெஸ்லி கடிதம் எழுதியது அடிமை வணிகத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்த வில்பர்ஃபோர்ஸுக்கு. பிரசங்க மேடையிலிருந்து கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ வரக்கூடாது. பிரச்சினையின் பெயர் வரலாம்.

வேலை ஆரம்பித்ததும் "இனி கூட்டம் எதற்கு, களத்துக்கே போவோம்" என்ற குரல் எழும். தொண்ணூறு நிமிடத்தைக் குறைத்தாலும் அந்த இரண்டு கேள்விகளை விடாதீர்கள். களத்தில் வரும் எரிச்சல், உதவி பெறுபவர் மேல் வரும் அலட்சியம், "நாங்கள்தான் செய்கிறோம்" என்ற பெருமை எல்லாம் வெளியே வர வேறு இடம் இல்லை.

பன்னிரண்டாம் வாரம் அறிக்கையை ஞாயிறு ஆராதனையிலேயே வாசியுங்கள், அதிகபட்சம் பத்து நிமிடம். நான்கு பத்திக் கணக்கு, இருக்கை வரைபடம், அக்கம்பக்கத்தார் சொன்ன மூன்று வாக்கியம், எடுத்துக்கொண்ட வேலை, அதற்கான தொகை, பொறுப்பாளர் பெயர். வாசித்த அன்றே கேள்விநேரம் வைக்காதீர்கள். சூடு தணிய ஒரு வாரம் விட்டு, தனிக் கூட்டத்தில் கேட்கட்டும். ஆறாம் மாத இறுதியில் அதே இருபது பேரிடம் திரும்பப் போய், என்ன மாறியது, எது தொந்தரவாக இருந்தது என்று கேளுங்கள். அடுத்த சுற்றுக் குழுவில் பழையவர்கள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கணக்குப் பத்திகளும் வரைபடமும் இருக்கும் நோட்டை முதல் கூட்டத்திலேயே புதியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பகிர்வில் சொன்ன எதுவும் அந்த நோட்டில் இருக்கக்கூடாது.